இருபத்தைந்து நாளும் ஐந்து டயரும்

என் மனைவிக்கு வந்திருக்கும் நோயைப் பற்றி டாக்டர் அரை மணி நேரம் பொறுமையாகச் சொன்னார். படம் வரைந்து காட்டினார். கடைசியில் பேனாவை மூடி வைத்துவிட்டு, "ஏதாவது கேக்கணுங்களா?" என்றார். நான் கேட்டேன்: "சார், மலை ரோட்டுல தினமும் இறங்கி ஏறுனா டயர் தாங்குங்களா?"

டாக்டர் என்னைப் பார்த்தார். என் மனைவி தரையைப் பார்த்தாள். சிரிக்க வைக்கத்தான் கேட்டேன் என்று வெளியே வந்ததும் அவளிடம் சொன்னேன். பொய். அந்த அரை மணி நேரமும் என் மண்டைக்குள் ஓடியது டயர் மட்டுந்தான்.

எங்கள் ஊரில் எழவு வீட்டில்கூட என் பக்கத்தில் உட்கார ஆட்கள் யோசிப்பார்கள், எங்கே சிரித்துத் தொலைத்துவிடுவோமோ என்று. அப்பேர்ப்பட்ட வாய்க்கு அந்த வருஷம் வேலை இல்லாமல் போயிற்று. ஆபரேஷன் ஆயிற்று, மருந்து ஏற்றி முடிந்தது, தலைமுடி கொட்டிற்று. மிச்சம் இருந்தது கரண்ட் வைக்கிறது. எங்கள் பக்கம் கதிர்வீச்சுக்கு அதுதான் பேர். திங்கள் முதல் வெள்ளி வரை, மொத்தம் இருபத்தைந்து நாள், காலை பதினொன்றரைக்கு சேலத்தில் மெஷின். "ஒரு நாள்கூட விட்றாதீங்க. நடுவுல விட்டா இதுவரைக்கும் செஞ்சதுக்குப் பலன் குறைஞ்சிரும். அது ஒண்ண மட்டும் நீங்க பாத்துக்குங்க" என்று டாக்டர் என்னிடம் சொன்னார். என்னிடம்!

சேலத்திலேயே ஒரு மாதம் அறை எடுத்துத் தங்கலாம் என்றேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

"அந்த வெக்கையில எனக்கு ஆவாதுங்க. எங்கூட்டுல படுத்தாத்தான் கண்ணு மூடும்."

எங்கள் வீடு மஞ்சக்குட்டை தாண்டி, தார் ரோட்டை விட்டு ஒன்றரை கிலோமீட்டர் மண்பாதையில் ஏறிப் போனால் வரும். கொஞ்சம் காப்பி, கொஞ்சம் மிளகு, ஒரு பழைய ஃபோர் வீல் ஜீப். மழை பெய்தால் அந்தப் பாதையில் நாலு சக்கரமும் இழுத்தால்தான் வண்டி நகரும். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குப் போய்வர தொண்ணூறு கிலோமீட்டர். ஒரு வழிக்கு இருபது கொண்டை ஊசி வளைவு. அதை ஒரு தாளில் எழுதி, இருபத்தைந்தால் பெருக்கி, போக இருபது வர இருபது என்று வளைவையும் பெருக்கினேன். ஆயிரம் வளைவு வந்தது. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நேராக ஒண்டிக்கடை முக்குக்குப் போய் டயர்க்கடை பாயின் முன்னால் நின்றேன்.

பாய்க்கு என்னை இருபது வருஷமாகத் தெரியும். பஞ்சர் ஒட்டும்போது நான் சொல்லும் கதைக்குச் சிரித்துச் சிரித்துப் பசையைக் கையில் தடவிக்கொண்டவர். அன்றைக்குத் தாளை வாங்கிப் பார்த்தார்.

"ஏனுங்கண்ணா, இருபத்தஞ்சு நாளைக்கு ரெண்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டருங்க. டயருக்கு இது ஒரு கணக்கா? டயர் தேயறதுக்குள்ள நீங்க தேஞ்சு போயிருவீங்க."

"வளைவு ஆயிரம், பாய்."

"வளைவு என்னுங்க பண்ணும்? முன்டயர்ல வெளி ஓரம் கொஞ்சம் கூடத் தேயும். அதுக்குத்தான் மாத்தி மாத்திப் போடறது."

மாத்திப் போடுகிற முறையை அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்தது அன்றைக்குத்தான். பின்னால் இருக்கிற இரண்டும் நேராக முன்னால் வரும். முன்னால் இருக்கிற இரண்டும் இடம் வலம் மாறிப் பின்னால் போகும். ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை. ஃபோர் வீல் வண்டிக்கு நாலு டயரும் ஒரே உயரத்தில் தேய வேண்டும், ஒன்று நெட்டை ஒன்று குட்டை ஆகக் கூடாது. அதனால் ஸ்டெப்னியையும் சும்மா தொங்கவிடாமல் இந்தச் சுற்றில் சேர்த்துவிட வேண்டும். "நெட்டை குட்டை ஆவக் கூடாதுங்கண்ணா, அதுதான் முக்கியம்" என்று இரண்டு தடவை சொன்னார். ஐயாயிரம் என்பது மட்டும் என் காதில் ஏறிற்று.

ஸ்டெப்னி விஷயத்தில் நான் கொஞ்சம் கௌரவக்காரன். ஆறு வருஷத்துக்கு முன்னால் வாங்கிய புது டயர் அது. ஒரு தடவைகூட ரோட்டைத் தொட்டதில்லை. உறை போட்டு ஜீப்பின் முதுகில் மாட்டியிருப்பேன். உறையைக் கழற்றினால் புது டயருக்கு இருக்கும் ரப்பர் முடிகூட அப்படியே நிற்கும். எங்கள் பக்கம் ஜீப் வைத்திருக்கிற எல்லாருக்கும் இந்த வியாதி உண்டு. ஓடுகிற டயர் எப்படி இருந்தாலும் தொங்குகிற டயர் மாப்பிள்ளை மாதிரி இருக்க வேண்டும்.

கரண்ட் வைக்கத் தொடங்குவதற்கு முந்தின ஞாயிறு, ஜீப்பைச் சேர்வராயன் கோயிலுக்குக் கொண்டுபோனேன். என் மனைவி குகைக்குள் குனிந்து போய்ச் சாமியைப் பார்த்துவிட்டு வருவதற்குள் நாலு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்கிவிட்டேன். கையில் ஐந்தாவது பழம் இருந்தது. ஸ்டெப்னி எப்படிப் பழத்தை நசுக்கும்? கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அதன் சார்பில் நானே செருப்புக் காலால் மிதித்தேன். திரும்பிப் பார்த்தால் அவள் துண்டை விரித்துத் தலையில் போட்டபடி நிற்கிறாள்.

"யாருக்கு வேண்டிக்கிட்டீங்க?"

"எல்லாத்துக்குந்தான்."

"எனக்குமா, இல்ல அஞ்சு டயருக்கு மட்டுமா?"

முதல் நாள் ஆஸ்பத்திரியில் அவள் நெஞ்சில் ஊதா மையில் கோடு போட்டு அனுப்பினார்கள். மெஷின் கதிர் தினமும் அதே இடத்தில் விழுவதற்கான அடையாளம். குளிக்கும்போது அழிந்துவிடக் கூடாது. அன்று சாயங்காலம் நான் மஞ்சள் பெயின்ட் டப்பாவோடு உட்கார்ந்து ஒவ்வொரு டயருக்கும் ஒன்று, இரண்டு என்று நம்பர் போட்டேன். எது எங்கே இருந்தது, எங்கே போக வேண்டும் என்று தெரிய வேண்டுமே. அவள் ஜன்னலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் அடையாளம் போட்டாச்சு, டயருக்கும் போட்டாச்சு. ஆட்டுக்குட்டி ஒண்ணுதான் பாக்கிங்க" என்றாள்.

அந்த ஒரு மாதத்தில் நகைச்சுவையாக ஏதாவது பேசப்பட்டது என்றால் பேசியது அவள்தான். நான் பேசியது இப்படி: காலை ஆறு மணிக்கு டயர் காடிப் பள்ளத்துக்குள் ஒரு ரூபாய்க் காசை நட்டு ஆழம் பார்த்து, "நேத்து இருந்ததுக்கு இன்னைக்கு ஒரு நூல் குறைஞ்ச மாதிரி இருக்குதே, ஏம்புள்ள?" வளைவில் திரும்பும்போது, "சத்தம் கேட்டுதா?" எதிரில் பஸ் வந்தால் ஒன்றும் பேசாமல் மூச்சுப் பிடித்து நிற்பது. அவள் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணும் ஆவாதுங்க. டயரு நல்லாத்தான் இருக்குது" என்பாள். திரும்பி வரும்போது அவளுக்கு நெஞ்சு காந்தும். துணி பட்டால் எரியும். அப்போதும், "ஒண்ணும் ஆவாதுங்க, பாத்துப் போங்க" என்பாள்.

பாய் கடைக்கு வாரத்துக்கு இரண்டு தடவை போனேன். ஒரு நாள் அவர் முன்டயரைத் தடவிப் பார்த்து, "வெளி ஓரம் லேசா மொட்டை…" என்று ஆரம்பித்தவர், ஜீப்புக்குள் தலையில் துண்டோடு அவள் உட்கார்ந்திருப்பதைக் கண்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டார். "தேஞ்சிருக்குது. தேஞ்சுதான் இருக்குது. அவ்வளவுதானுங்க" என்றார். அதற்குப் பிறகு அவர் கடையில் அந்தச் சொல் என் காதில் விழவில்லை. உலகத்தில் எல்லாருக்கும் எதை எங்கே பேச வேண்டும் என்று தெரிந்திருக்கிறது.

பதினேழாவது நாள் காலையில் மழை. மேகம் முற்றத்துக்குள்ளேயே வந்து நின்றது. இடது முன்டயரில் காசை நட்டுப் பார்த்தேன். வெளி ஓரத்தில், காடிக்குள் ஒரு குட்டி மேடு இருக்கும். ரப்பர் அந்த மேட்டுக்கு வந்துவிட்டால் டயர் முடிந்தது என்று அர்த்தம். அதற்கும் ரப்பருக்கும் இடையில் ஒரு நெல்மணி போகிற அளவு இடம் இருந்தது. எனக்கு அரிசிகூடப் போகாது என்று பட்டது. ஈரத்தில் மண்டி போட்டு ஜாக்கி வைத்து அதைக் கழற்றி, ஆறு வருஷ மாப்பிள்ளையை உறையிலிருந்து எடுத்து அந்த இடத்தில் மாட்டினேன். தள்ளி நின்று பார்த்தேன். பளபளவென்று இருந்தது. கொஞ்ச நாளில் முதல் தடவையாக மனசுக்குத் தெம்பாக இருந்தது. நாலு காலில் ஒரு காலாவது புதுசு.

மண்பாதையில் ஃபோர் வீல் லீவரைப் போட்டேன். அது சரிதான், போட்டே ஆக வேண்டும். தார் ரோடு வந்ததும் எடுத்திருக்க வேண்டும். இருபது வருஷமாக எடுத்தவன்தான். அன்றைக்கு மழை, மேகம், பதினொன்றரை மணி மெஷின். நாலும் இழுத்தால் நாலு மடங்கு பத்திரம் என்று எனக்குள் ஒரு வக்கீல் எழுந்து வாதாடினான். லீவரை அப்படியே விட்டுவிட்டேன்.

ஒண்டிக்கடை தாண்டினதும் ஸ்டீயரிங் கனத்தது. மேல் வளைவுகளில் திரும்பும்போது வண்டி நொண்டி ஆடு மாதிரி குதித்தது. அடியில் எங்கோ மடக், மடக் என்று சத்தம். நான் அதற்குக் கண்டுபிடித்த வைத்தியம், இன்னும் மெதுவாகப் போவது. கீழிருந்து எண்ணினால் பதினாலாவது வளைவில், பாதி திரும்பின நிலையில், ஜீப் நின்றேவிட்டது. லீவரை இழுத்தேன். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன். காலை முட்டுக்கொடுத்து இழுத்தேன். பின்னால் சேலம் பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. கீழே இருந்து ஏறின கார்கள் வரிசையாக நின்றன. மணி பத்தே கால்.

பாய்க்குப் போன் போட்டேன்.

"ஸ்டெப்னிய முன்னாடி மாட்டுனீங்களா?" என்று எடுத்ததும் கேட்டார்.

"எப்படித் தெரியும்?"

"நேத்து வந்தப்பவே அதைத் தடவித் தடவிப் பாத்தீங்களே. ஃபோர் வீலும் போட்டிருக்குதா?"

"ஆமா."

"ஏனுங்கண்ணா! மூணு காலுக்குத் தேஞ்ச செருப்பு, ஒரு காலுக்கு மட்டும் குதிகால் வச்ச செருப்பு. ஃபோர் வீல் போட்டா முன்னாடியும் பின்னாடியும் ஒரே கணக்காச் சுத்தணும். சேத்துலன்னா வழுக்கிச் சமாளிச்சுக்கும். தார் ரோட்டுல எங்க போயி வழுக்கும்? அதுவும் வளைவுல? உள்ளார முறுக்கிக்கிட்டு நிக்குது."

"இப்ப என்ன பண்றது?"

"ரிவர்ஸ்ல வந்த வழியே பின்னாடி போங்க. முறுக்கு அதுவா விட்டுரும், லீவரும் வந்துரும்."

"எவ்வளவு பின்னாடி?"

"பத்தடி போதுங்க."

பத்தடி பத்தாது பாய் என்று சொல்ல வாயெடுத்தேன். ஒரு வருஷம் பின்னால் போக முடிந்தால் நன்றாக இருக்கும்.  பின்னால் இரண்டடியில் பஸ் மூக்கு நின்றது.

கண்டக்டர் குடை பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார். "ஏனுங்க, சேலத்துல இருக்கறவங்க எல்லாம் எங்களைத் தேடுவாங்க. வண்டி வருதுங்களா, இல்ல இங்கயே ஊடு கட்டறீங்களா?"

வேறு நாளாக இருந்தால் அந்த மனுஷனோடு அரை மணி நேரம் பேசியிருப்பேன். அன்றைக்கு நான் ரோட்டில் நின்று, ஐம்பது பேருக்கு முன்னால், அழுதுவிட்டேன். "பதினொண்ணரைக்கு மெஷினுங்க. ஒரு நாள்கூட விடக் கூடாதுங்க. பதினேழாவது நாளுங்க" என்று சம்பந்தம் இல்லாமல் அவரிடம் சொன்னேன். அவர் குடையை என் பக்கம் சாய்த்தார்.

ஜீப் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. என் மனைவி ஆஸ்பத்திரி ஃபைல் வைத்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினாள். துண்டைத் தலையில் சரி செய்தாள். கண்டக்டரிடம், "பதினொண்ணரைக்குள்ள சேலம் போயிருவீங்களா?" என்றாள்.

"இவரு வழிவிட்டாப் போயிரலாங்கம்மா."

"விட்டுருவாரு."

பஸ் விசில் சத்தத்தோடு ஒரு பஸ் நீளம் பின்வாங்கிற்று. நான் ஏறி உட்கார்ந்து, ஸ்டீயரிங்கை நேராக்கி ரிவர்ஸ் போட்டேன். ஆறடி, ஏழடி. அடியில் டொக் என்று ஒரு சத்தம். லீவர் வெண்ணெயில் வைத்த கத்தி மாதிரி கையோடு வந்தது. ஓரமாக நிறுத்திவிட்டு ஓடினேன்.

"சரியாப்போச்சு, ஏறு. டயமிருக்குது."

அவள் பஸ் படியில் ஒரு காலை வைத்திருந்தாள். மேகம் கொஞ்சம் விலகி அவள் முகம் தெளிவாகத் தெரிந்தது. கோபம் இல்லை. களைத்துப்போயிருந்தாள்.

"நான் பஸ்லயே போறேனுங்க."

"ஏன்? டயரு இனி…"

"டயரு இல்லைங்க." குரலைத் தாழ்த்தினாள். "உங்க கூட வந்தா போற வழியெல்லாம் நான் உங்களுக்குத் தெம்பு சொல்லணும். எனக்கு இப்ப அவ்வளவு தெம்பு இல்லைங்க. பஸ்ல யாரும் என்னைப் பாத்துப் பயப்பட மாட்டாங்க."

பஸ் போயிற்று. நான் பின்னாலேயே ஜீப்பில் போனேன். வளைவுக்கு வளைவு அவள் தலைத்துண்டு பஸ்ஸின் ஜன்னலில் தெரியும், மறையும். எட்டாவது வளைவில் பக்கத்தில் இருந்த யாரோ ஒரு பெண் என்னவோ சொல்ல, இவள் வாயில் கையை வைத்துக்கொண்டு குலுங்கிச் சிரித்தாள். ஆளைச் சிரிக்க வைப்பதுதான் என் தொழிலே. பதினேழு நாளில் என்னால் ஒரு தடவைகூட முடியவில்லை. முன்பின் தெரியாத ஒரு பெண், எட்டாவது வளைவில், மழையில், செய்துவிட்டாள்.

பதினொன்று இருபதுக்கு அவள் மெஷின் அறை வாசலில் இருந்தாள். அன்றைய நாள் தவறவில்லை. மிச்சம் எட்டு நாளும் தவறவில்லை. அந்த எட்டு நாளும் மஞ்சக்குட்டை வரை ஜீப், அங்கிருந்து பஸ். என்னைச் சேர்த்துக்கொள்ள இரண்டு கண்டிஷன் போட்டாள். டயர் பேச்சு கூடாது. வேறு சீட்டில் உட்கார வேண்டும். நான் கடைசி சீட்டில், சாக்குமூட்டைக்கும் ஜன்னலுக்கும் நடுவில் உட்கார்ந்து, பஸ் டயர் எந்த நிலைமையில் இருக்கிறது என்று கேட்காமல் வந்தேன். வாழ்க்கையில் நான் காட்டின ஒரே வீரம் அது.

இருபத்தைந்தாவது நாள் கோடுகளைக் கழுவிக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

கொஞ்ச மாதம் நன்றாக இருந்தாள். முடி சுருள் சுருளாக முளைத்தது. அப்புறம் முதுகு வலி என்றாள். மிளகு மூட்டை தூக்கினதாக இருக்கும் என்றேன். மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். அதே டாக்டர் இந்தத் தடவை படம் ஏதும் வரையவில்லை. மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "இனிமே அவங்களை இவ்வளவு தூரம் அலைக்கழிக்க வேண்டாங்க. ஊட்டுலயே வச்சுப் பாத்துக்குங்க." ஏதாவது கேட்க வேண்டுமா என்று கேட்டார்.  டயர் கேள்விகூட எனக்கு வரவில்லை.

இப்போது ஜீப் பெரும்பாலும் முற்றத்தில்தான் நிற்கிறது. மாதத்துக்கு இரண்டு தடவை மாத்திரைக்கும் சாமானுக்கும் ஒண்டிக்கடை வரை போகும். பாய் டயரைப் பார்ப்பார். "இன்னும் நாலஞ்சு வருஷம் வருங்க, கவலைப்படாதீங்க" என்பார். நல்ல மனுஷன். அதை ஆறுதலாகத்தான் சொல்கிறார்.

போன வாரம் ஒரு நாள் வெயில் நன்றாக அடித்தது. நாற்காலியை வெளியே போடச் சொல்லி, போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். நான் காப்பிச் செடிப் பக்கம் போவதும், வருவதும், அவளைப் பார்ப்பதும், மறுபடி போவதுமாக இருந்தேன். எத்தனை தடவை என்று அவள் எண்ணியிருப்பாள் போலிருக்கிறது.

"ஏனுங்க, டயரு மாத்திப் போட்டு நாளாச்சில்ல? மாத்துங்களேன்."

மீட்டரைப் பார்த்தால் போன தடவை மாற்றினதற்கு அப்புறம் அறுநூறு கிலோமீட்டர்கூட ஆகவில்லை. அவளுக்கும் அது தெரியும். நான் ஜாக்கியை எடுத்து வந்தேன். பெயின்ட் நம்பர் பாதி அழிந்திருந்தது. பின்னிரண்டு முன்னால், முன்னிரண்டு குறுக்கே மாறிப் பின்னால் என்று நான் குழம்புகிற இடத்தில் எல்லாம் அவள் நாற்காலியில் இருந்து, "மூணாம் நம்பரு அங்கில்லைங்க, இந்தப் பக்கம்" என்று திருத்தினாள். ஸ்டெப்னியும் சுற்றில் சேர்ந்தது. இப்போது அதுவும் மற்றதுகளைப் போல ஓடித் தேய்கிற டயர்தான். ஐந்தில் மாப்பிள்ளை என்று எதுவும் இல்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அவ்வளவு நேரமும் நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்காகத்தான் இந்த வேலையைக் கொடுத்திருக்கிறாள் என்று எனக்குப் புரிய கடைசி டயர் வரை ஆயிற்று.

"இனி எப்ப மாத்தணும்?" என்றாள்.

"ஐயாயிரம் ஓடினதும்."

போர்வை மேல் விரலை ஒவ்வொன்றாக மடக்கினாள். மனசுக்குள் கணக்குப் போடுகிறாள் என்று தெரிந்தது. ஒண்டிக்கடை போய் வர எவ்வளவு, மாதத்துக்கு எத்தனை தடவை.

"அப்ப நொம்ப நாளாவுமில்லைங்க?"

நான் வீல் ஸ்பேனரை எடுத்து, ஏற்கெனவே முறுக்கின நட்டை இன்னொரு தடவை முறுக்கினேன்.